வரிசைக்கு வந்த மாப்பிள்ளை

சீட்டு விற்கிற கடையில் சம்பளம் வாங்குகிறவள், வாங்க வந்தவரிடம் அந்தச் சரக்கு சரியில்லை என்று சொல்லக் கூடாது. சுஜானிக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் வாய் சும்மா இருக்காது.

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் கனகசுந்தரத்தின் கடையில் கொழும்புக்கு விமானச்சீட்டு, லூர்துக்கு பஸ், பாரிசுக்கு வெளியே இருக்கிற பெரிய பொழுதுபோக்குப் பூங்காவுக்கு நுழைவுச்சீட்டு எல்லாம் கிடைக்கும். அதிகம் போவது பூங்காச் சீட்டுத்தான். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சொந்தக்காரர் வந்து இறங்கினால், கோயிலுக்குக் கூட்டிப் போகாவிட்டாலும் மன்னிப்பு உண்டு, பூங்காவுக்குக் கூட்டிப் போகாவிட்டால் கிடையாது. ரொறன்ரோவிலிருந்து வந்த ஒரு பெரியவர் அன்றைக்கு மேசைக்கு முன்னால் நின்று, உள்ளே எது திறம் என்று கேட்டார்.

"வரிசைதான் அண்ணை," என்றாள் சுஜானி.

"என்ன வரிசை?"

"நிக்கிற வரிசை. தலைகீழாச் சுத்திற ரயில் ரெண்டரை நிமிசம். அதிலை அரைவாசி நேரம் சனம் கண்ணை மூடிக்கொண்டிருக்கும். கோப்பை சுத்திறது சின்னப்பிள்ளையளுக்கெண்டு சொல்லுவினம், ஆனால் பெரிய ஆக்களை சத்தி எடுக்க வைக்கிறது அதுதான். இரவு வாணவேடிக்கையை ஒருத்தரும் பாக்கிறேல்லை, ரெலிபோனுக்குக் காட்டிப்போட்டு வருவினம். வரிசை மட்டும்தான் ஒண்டரை மணித்தியாலம். முழுக் குடும்பமும் ஒரே இடத்திலை, ஒருத்தரும் தப்பி ஓடேலாது. இது வேறை எங்கை கிடைக்கும்?"

பெரியவர் சீட்டு வாங்காமலே போய்விட்டார். உள்ளே இருந்து கனகசுந்தரம் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, நீர் விக்கிறீரோ, விரட்டிறீரோ?"

"உண்மையைச் சொன்னனான் அண்ணை."

"உண்மையை லீவு நாளிலை சொல்லும். மற்ற நாளிலை வியாபாரம்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடையின் குழுக்களை வழிநடத்திக்கொண்டு முப்பத்திரண்டு தடவை அந்தப் பூங்காவுக்குப் போய் வந்தவள். கழுத்தில் குழுத் தலைவி அட்டை தொங்கும், வாசல் காவலர்கள் பெயர் சொல்லி வணக்கம் சொல்வார்கள். முப்பத்திரண்டு தடவையும் அவள் பார்த்தது சவாரிகளை அல்ல, சனத்தை. சவாரியில் எல்லாரும் ஒரே மாதிரிக் கத்துகிறார்கள், இறங்கும்போது ஒரே மாதிரிச் சிரிக்கிறார்கள். வரிசையில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு தெரியும். எவன் மனைவியின் கையில் பையைக் கொடுத்துவிட்டுக் கைவீசிக்கொண்டு நிற்கிறான், எவள் முன்னால் நிற்கிறவரின் குதிக்காலைப் பிள்ளை வண்டியால் இடிக்கிறாள், எல்லாம் இருபதாவது நிமிடத்தில் வெளியே வந்துவிடும்.

இந்த அறிவு அவளுக்குச் சும்மா வரவில்லை. நாலு வருடத்துக்கு முன் மார்செல் என்று ஒருவன் இருந்தான். மன்னார்ப் பக்கத்துக் குடும்பம், நல்ல உத்தியோகம், வீட்டுக்கு வந்து இருந்து தேநீர் குடித்த விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நிச்சயம் செய்தாயிற்று. ஒருநாள் தாய் மரியநாயகியின் விசாப் பத்திரங்களைப் புதுப்பிக்க மூன்று பேருமாக விசாக் கந்தோரான பிறெபெக்சூருக்குப் போனார்கள். ரொந்தேவு எடுத்து, நேரம் குறித்துக்கொண்டு போயும் நாலு மணித்தியாலம் நிற்க வேண்டியிருந்தது. வரிசையின் நடுவில் மரியநாயகியின் கோப்பு கைநழுவி, பிறப்புப் பத்திரம், மின்சார பில் எல்லாம் தரை முழுக்கப் பறந்தன. அவள் முழந்தாளில் இருந்து பொறுக்கிக்கொண்டு, "தம்பி மார்செல், அந்தக் கடுதாசியைப் பிடியுங்கோ," என்று உரக்கக் கூப்பிட்டாள். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மார்செல் இரண்டு அடி தள்ளிப் பக்கத்து வரிசைக்குப் போய் நின்று ரெலிபோனைப் பார்த்தான். அவர்களைத் தெரியாத மாதிரி.

அந்தக் கிழமையே சுஜானி மோதிரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டாள். ஊர் என்னென்னவோ கதைத்தது. இரண்டு அடிக்காகக் கலியாணத்தை நிறுத்தினவள் என்று இன்றைக்கும் தமிழர் குடியிருக்கிற திரான்சியில் அவளைச் சொல்கிறவர்கள் உண்டு.

இப்போது அவளுக்கு முப்பத்துமூன்று வயது. லண்டனிலிருந்து பிரின்ஸ்டன் என்ற ஒருவனின் கலியாணப் பேச்சு வந்தபோது, மரியநாயகி சமையலறையில் விருந்துப் பலகாரத்துக்கு ரோல்ஸ் சுற்றத் தொடங்கியே விட்டாள். சுஜானி ஒற்றைக் காலில் நின்றாள்.

"வீட்டிலை சந்திக்க மாட்டன். பூங்காவிலை சந்திக்கிறன். ஆகப் பெரிய வரிசையிலை ரெண்டு பேரும் நிப்பம். அண்டைக்குப் பின்னேரமே ஓமோ இல்லையோ சொல்லிப்போடுவன்."

மரியநாயகிக்குத் தலை சுற்றியது. "ஊரிலை சங்கக்கடையிலை கூப்பன் மாவுக்கு நிண்டம். சண்டைக்காலத்திலை வெளியிலை போக பாஸுக்கு நிண்டம். இஞ்சை வந்து விசாக் கார்ட்டுக்கு விடியப்புறத்திலை நிண்டம். இனிக் காசு குடுத்தும் நிக்கிறதே, பிள்ளை?"

"ஓம் அம்மா. இந்த முறை ஒருக்காப் பிரயோசனத்துக்கு நிப்பம்."

சனிக்கிழமை காலை கார் து நோர் ரயில் நிலையத்தில் பிரின்ஸ்டனும் அவன் தாய் இம்மாகுலேற்றும் வந்து இறங்கினார்கள். மாலை ரயிலில் திரும்பிப் போவதாக ஏற்பாடு. சுஜானியின் தகப்பனுக்குச் சனிக்கிழமையில் ரெஸ்ரோறண்டில் லீவு கிடையாது, அதனால் தாயும் மகளும் மட்டும் போயிருந்தார்கள். பிரின்ஸ்டன் உயரமாக, கொஞ்சம் கூனல் போட்டு நின்றான். சுகம் விசாரித்தான். பிறகு என்ன பேசுவது என்று தெரியாமல் மரியநாயகியின் சாப்பாட்டுப் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். பையைச் சுமப்பவர்களைச் சுஜானி நம்புவதில்லை. முதல் மணித்தியாலத்தில் எல்லாரும் சுமப்பார்கள்.

அவள் போட்ட கணக்குப் பூங்கா வாசலிலேயே பிழைத்துவிட்டது. இம்மாகுலேற் கைப்பையைத் திறந்து, நாலு பேருக்கும் விரைவு அனுமதிச் சீட்டுகளைச் சீதனப் பட்டுச்சேலையை எடுப்பது போலப் பெருமையோடு எடுத்து நீட்டினாள்.

"மகளே, இனி ஒரு இடமும் நிக்கத் தேவையில்லை. நேரை உள்ளுக்கை போகலாம். பொம்பிளை வீட்டுக்காரரை முதல் நாளே கால் கடுக்க நிக்க வைக்கிறதே? அது எங்கடை ஆக்களுக்கு அழகில்லை."

மரியநாயகியின் முகம் மலர்ந்து போயிற்று. சம்பந்தி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அவள் கண்ணாலேயே மகளுக்குச் சொன்னாள். சுஜானியின் முகத்தில் ஈயாடவில்லை. வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. அன்பாகக் கொடுத்ததை மறுத்தால் அங்கேயே சம்பந்தம் முறிந்துவிடும்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வேகம்தான். தொண்ணூறு நிமிடம் நிற்கிற சனத்தைக் கடந்து பக்கவழியால் ஐந்து நிமிடத்தில் உள்ளே போனார்கள். கட்டினார்கள், ஏறினார்கள், கத்தினார்கள், இறங்கினார்கள். தாய்மார் வெளியே வாங்கில் உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொண்டார்கள். மத்தியானத்துக்குள் ஐந்து சவாரி முடிந்துவிட்டது. பிரின்ஸ்டனைப் பற்றிச் சுஜானிக்குத் தெரிந்ததெல்லாம், அவனுக்கு நல்ல பல் வரிசை, கத்தும்போது "அம்மா" என்று கத்துகிறான், இவ்வளவுதான். முதல் சவாரியின் முடிவில் திரையில் காட்டுகிற படத்தில் அவன் கண்ணை இறுக மூடியிருந்தான். பக்கத்தில் அவள், பாஸ்போட்டுக்குப் படம் எடுக்க இருந்தவள் மாதிரி அசையாமல் இருந்தாள்.

"உங்களுக்குப் பயமே இல்லையோ?" என்று கேட்டான்.

"முப்பத்திமூண்டாந் தரம்."

அவன் சிரித்தான். அடுத்த சவாரிக்கு நேரமாகிவிட்டது. சுஜானிக்கு எரிச்சலாக வந்தது. இப்படியே போனால் மாலையில் எதை வைத்து ஓம் சொல்வது, எதை வைத்து இல்லை சொல்வது? ஒன்றும் தெரியாமல் ஓம் சொல்லி ஒருமுறை பட்டாயிற்று. ஒன்றும் தெரியாமல் இல்லை சொன்னாலோ, லண்டனிலிருந்து இந்த வீட்டுக்கு இன்னொரு பேச்சு வராது.

அவளைக் காப்பாற்றியது தாய்மாரின் ஆசைதான். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேருக்கும் படகில் ஏற வேண்டும் என்று தோன்றிவிட்டது. குட்டைத் தண்ணீரில் மெதுவாகப் போகிற சின்னப்பிள்ளைகளின் படகு. ஆட்டம் இல்லை, குலுக்கல் இல்லை. முக்கியமாக, விரைவுச் சீட்டு அதற்குச் செல்லாது. முக்கால் மணித்தியால வரிசை. இம்மாகுலேற் சீட்டை இரண்டு தரம் காட்டிப் பார்த்து, அங்கே நின்ற பெண் சிரித்துக்கொண்டே தலையாட்டிய பிறகு ஒதுங்கினாள். சுஜானிக்கு உள்ளூரக் கொண்டாட்டம்.

ஆனால் தாய்மார் அவர்களை நிற்க விடவில்லை. "நாங்கள் வரிசையிலை நிக்கிறம், நீங்கள் ரெண்டு பேரும் போய்க் கோப்பி வாங்கிக்கொண்டு வாங்கோ," என்றாள் மரியநாயகி. தனியாகப் பேசட்டும் என்ற நல்லெண்ணம். கோப்பிக் கடையில் சனம் இல்லை. ஐந்து நிமிடத்தில் நாலு கோப்பியோடு திரும்பிவிட்டார்கள்.

திரும்பி வந்தபோது படகுகள் நின்றிருந்தன. சிவப்பு வெள்ளை நாடா கட்டி, வரிசையில் நின்ற நூற்றுச் சொச்சம் பேரையும் பின்னால் தள்ளியிருந்தார்கள். பிள்ளைகள் அழுதன. தகப்பன்மார் முணுமுணுத்தார்கள். நாடாவுக்குள்ளே வெறும் நிலத்தில் ஒரேயொரு பை தனியாக இருந்தது. பூப்போட்ட, ஸிப் அறுந்து சட்டைஊசி குத்திய பை. மரியநாயகியின் சாப்பாட்டுப் பை.

சுஜானிக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. சங்கக்கடை வரிசையில் நின்று வளர்ந்தவர்கள். கால் உளைந்தால் தன் இடத்தில் பையையோ செங்கல்லையோ வைத்துவிட்டு நிழலுக்குப் போய் இருப்பார்கள், பை ஆளாக நின்று இடத்தைக் காக்கும். முன்னால் நிற்கிறவரும் பின்னால் நிற்கிறவரும் அதை மதிப்பார்கள். இங்கே ஆளில்லாத பையைக் கண்டால் சனம் ஓடும், காவலர் வருவார்கள், குண்டு பார்க்கிறவர்களுக்கு அறிவிப்புப் போகும். அங்கே தூரத்து மரநிழல் வாங்கில் மரியநாயகியும் இம்மாகுலேற்றும் முதுகைக் காட்டிக்கொண்டு, யாருடையதோ கலியாணத்தைப் பற்றி ஆனந்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

நாடாவுக்கு உள்ளே நின்ற காவலன் மாக்சிம் அவளுக்குத் தெரிந்தவன். வோக்கிடோக்கியில் பேசிக்கொண்டே கூட்டத்தை நோட்டம் விட்டான். இது யாருடையது என்று உரக்கக் கேட்டான். அவன் பார்வை அவளை நோக்கித் திரும்பியது.

சுஜானி பின்னால் நகர்ந்தாள். உயரமான ஒரு மனிதரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, கோப்பித் தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் ரெலிபோனை எடுத்துப் பார்த்தாள். கழுத்து அட்டை, கடையின் பெயர், கனகசுந்தரம் அண்ணை, இனிக் குழு கொண்டுவர விடமாட்டார்களோ என்ற பயம், எல்லாம் காரணமாகச் சொல்லலாம். ஆனால் முதலில் வந்தது வெட்கம்தான். நூறு பேர் முன்னால் அந்த அறுந்த பைக்குச் சொந்தக்காரி என்று சொல்ல வெட்கம். ரெலிபோனில் ஒன்றும் இருக்கவில்லை. வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தான் என்ன செய்கிறேன் என்பது அவளுக்கு உறைத்தது.

தலையை நிமிர்த்தியபோது பிரின்ஸ்டன் நாடாவுக்கடியால் குனிந்து உள்ளே போயிருந்தான். இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சில், "செத்தா நூ," என்றான். எங்களுடையது. மாக்சிம் கடகடவென்று நாலு கேள்வி கேட்டான். ஒன்றும் விளங்காமல் பிரின்ஸ்டன் மரநிழலைக் காட்டி, "மமான், மமான்," என்றான். எந்த அம்மா என்று கேட்டதற்கும் அதையே சொன்னான். பிறகு வயிற்றைத் தடவி, "ரோல்ஸ்," என்றான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவன் காது சிவந்தது, ஆனால் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

சுஜானி கோப்பித் தட்டை அந்த உயரமான மனிதரின் கையில் திணித்துவிட்டு நாடாவுக்கடியால் போனாள். அது தன் தாயின் பை, இடம் பிடிக்க வைத்தது, எங்கள் ஊரில் அப்படித்தான், தவறு எங்களுடையது என்று மாக்சிமிடம் பிரெஞ்சில் தெளிவாகச் சொன்னாள். பையைத் திறந்து காட்டினாள். ரோல்ஸ், தண்ணீர்ப் போத்தல், செபமாலை, விக்ஸ். மாக்சிம் வோக்கிடோக்கியில் எல்லாம் சரி என்று சொன்னான். இனி இப்படிச் செய்யக் கூடாது என்று அவளுக்கும் சொன்னான். மரியநாயகி ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

படகில் ஒருவரும் ஏறவில்லை. திரும்பி வரும் ரயிலில் நிற்கக்கூட இடம் இல்லை, பேச வழியில்லை. கதவோரமாக நெருங்கி நின்ற சுஜானி ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தாள். அவன் கண்டிருப்பான். நாடாவுக்குள் போவதற்கு முன் பக்கத்தில் திரும்பிப் பார்த்திருப்பான், அவள் இருந்திருக்க மாட்டாள். ஆளை அளக்க வரிசைக்குக் கூட்டி வந்தவள், தானே அளவுக்கு நின்றுவிட்டாள். இப்போது ஓமோ இல்லையோ சொல்ல வேண்டியவள் அவள் அல்ல.

கார் து நோரின் மேல்தளத்தில் லண்டன் ரயிலுக்கான வரிசை பாம்பாக வளைந்து கிடந்தது. பயணிகள் தடுப்புப் பட்டிக்கு உள்ளே, வழியனுப்ப வந்தவர்கள் வெளியே. இம்மாகுலேற்றை வயதானவர்களின் குறுக்கு வழியால் விட்டார்கள். துணைக்கு ஒருவர் வரலாம் என்றும் சொன்னார்கள். அவள் திரும்பி மகனைக் கூப்பிட்டாள்.

"பிரின்ஸ்டன், இதாலை வா. நிக்கத் தேவையில்லை."

"நீங்கள் போங்கோ அம்மா. நான் இதாலை வாறன்."

அவன் வரிசையில் நின்றான். சுஜானி பட்டிக்கு வெளியே, அவனுக்கு நேராக நின்றாள். வரிசை நகர்ந்தபோது அவளும் ஒரு அடி நகர்ந்தாள். சுற்றி வளைத்துப் பேச அவளுக்கு ஒருநாளும் வராது.

"நீங்கள் கண்டனீங்கள்தானே?"

"ஓம். கண்டனான்."

"ரெண்டு அடி."

"மூண்டு," என்றான் அவன். "நான் எண்ணினனான்."

அவள் மார்செலைப் பற்றிச் சொன்னாள். பிறெபெக்சூர், பறந்த கடுதாசிகள், மோதிரம், எல்லாம். "அவன் ரெண்டு அடி போனதுக்கு நான் கலியாணத்தை நிப்பாட்டினனான். நீங்கள் மூண்டு அடிக்கு நிப்பாட்டலாம். ஞாயம்தான். நான் ஒண்டும் நினைக்க மாட்டன்."

நினைப்பாள். நன்றாகவே நினைப்பாள். ஆனால் சொல்ல வேண்டியதைக் குரல் நடுங்காமல் சொன்னாள்.

பின்னால் ஆங்கிலேயப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக வந்து நின்றார்கள். பிரின்ஸ்டன் ஒதுங்கி, அவர்களின் ஆசிரியையிடம், நீங்கள் முன்னால் போங்கள் என்று கை காட்டினான். ஒவ்வொன்றாகப் பிள்ளைகள் அவனைக் கடந்து போகத் தொடங்கினார்கள்.

"மூண்டு அடி போனீங்கள்," என்றான். "பிறகு கோப்பியை ஆரோடையோ கையிலை குடுத்துப்போட்டு ஒரு பத்து அடி வந்தீங்கள். அதையும் எண்ணினனான். உங்கடை அவர் வந்தவரோ?"

"இல்லை."

"அப்ப என்னத்துக்கு ரெண்டையும் ஒண்டாப் போடுறீங்கள்?"

"நான் வந்தது உங்கடை பிரெஞ்சைக் கேக்க ஏலாமல்," என்றாள் சுஜானி. அவன் பெரிதாகச் சிரித்தான். இந்தச் சிரிப்பு சவாரியிலிருந்து இறங்கும்போது எல்லாரும் சிரிக்கிற சிரிப்பு இல்லை. அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இன்றைக்கு அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்த முதல் விசயம் அதுதான்.

"நானும் ஒண்டு சொல்ல வேணும்," என்றான். "அஞ்சு சவாரியிலையும் நான் கண்ணைத் திறக்கேல்லை. எனக்கு உந்த விளையாட்டே பிடிக்காது."

"பிறகேன் ஏறினீங்கள்?"

"நீங்கள் வரச் சொன்ன இடமெண்டு."

பள்ளிக்கூடப் பிள்ளைகள் முடிந்தார்கள். அடுத்து ஒரு கிழவரும் கிழவியும் வந்தார்கள். அவர்களையும் முன்னால் விட்டான். பிறகு ஒரு இளம் சோடி. அவர்களையும் விட்டான். இதற்கு என்ன அர்த்தம் என்று சுஜானிக்கு அப்போதுதான் விளங்கியது. முப்பத்துமூன்று தடவை பூங்காவுக்குப் போனவள், வரிசையில் நின்றுகொண்டு வேண்டுமென்றே பின்னால் போன ஒருவனை இதற்கு முன் கண்டதில்லை. அவள் பட்டிக்கு இன்னும் ஒரு அடி கிட்டப் போய் நின்றாள்.

சற்றுத் தள்ளி நின்ற மரியநாயகி, பூப்போட்ட பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு வந்தாள். இனி அந்தப் பையை அவள் நிலத்தில் வைக்கப் போவதில்லை.

"பிள்ளை, வீட்டை போய் அப்பாவுக்கு நான் என்ன சொல்லுறது?"

"ஓமெண்டு சொல்லுங்கோ அம்மா."

மரியநாயகி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வரிசையைப் பார்த்தாள், நிலையத்து மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"அப்ப அந்தப் பெடியனைப் போகச் சொல்லு. எல்லாரையும் முன்னுக்கு விட்டுப்போட்டு நிக்கிறான். ரயிலைத் தவற விடப்போறான்."

சுஜானி அவனைப் போகச் சொல்லவில்லை. அவனுக்குப் பின்னால், முன்னுக்கு விட இன்னும் ஆறு பேர் வரிசையில் மிச்சம் இருந்தார்கள்.